காலிக் காம்பிராக்கள்: ஸ்ட்ரக்டை எப்போது நெருக்கி அடுக்குவது

இந்த அத்தியாயம் ஒரு தவறில் தொடங்குகிறது. தவறு என்னுடையது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுக்கும் தராசிலிருந்து எடையை வாங்கிச் சேமித்து வைத்து, மாலையில் ஆபீஸ் கணினிக்கு மாற்றும் சிறு கருவி ஒன்றைச் செய்து பார்த்தோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இருந்தது ஆர்டுயினோ ஊனோ அட்டை. ஆபீசில் இருந்தது 64 பிட் லினக்ஸ் கணினி. இரண்டுக்கும் நிரல் சி மொழியில். முதல் நாள் மாலை கோப்பைத் திறந்த கிளாக்கர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இந்த அக்கா ஒரே நெறுவையில 33 டன் எடுத்திருக்காங்க. ஸ்டோரு தாங்குமா?"

தராசு சரியாக இருந்தது. வயரும் சரி. கணக்குப் போடும் வரிகளை நான்கு முறை படித்தும் பிழை அகப்படவில்லை. இரண்டு நிரலிலும் இருந்தது ஒரே ஸ்ட்ரக்ட். ஒன்றில் எழுதியதை அப்படியே மற்றதில் ஒட்டியிருந்தேன். பிழை அங்கேதான் இருந்தது. ஒரே எழுத்து, ஒரே வரிசை, ஆனால் மடுவத்து அட்டையில் அதன் அளவு 14 பைட்டு, ஆபீஸ் கணினியில் 20.

இந்த நூலில் சி மொழிச் சொற்களை ஒலிப்பின்படியே தமிழில் எழுதிவருகிறோம். அந்த ஸ்ட்ரக்ட் இது:

ஸ்ட்ரக்ட் நிறுவை {
  யூஇன்ட்8_டி வேளை;
  யூஇன்ட்32_டி நேரம்;
  யூஇன்ட்16_டி செக்ரோல்;
  யூஇன்ட்32_டி எடை;
  யூஇன்ட்8_டி மலை;
  யூஇன்ட்16_டி கழிவு;
};

வேளை என்பது காலை 1, பகல் 2, மாலை 3. எடை கிராமில். செக்ரோல் என்பது ஆளின் பதிவு எண். மலை என்பது கொழுந்து பறித்த மலையின் எண். கழிவு என்பது கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது. எவ்வளவு கழிக்கலாம் என்பது மலையகத்தின் பழைய சண்டை. அதற்குள் இந்த நூல் போகாது. உறுப்புகளின் பெயர்கள் தமிழில் இருப்பது விளக்கத்துக்காக மட்டும் அல்ல. ஜிசிசி 10 முதல் மாறிகளுக்கு நேரடியாகத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.

உறுப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 1, 4, 2, 4, 1, 2. மொத்தம் 14. கணினிக்கு அந்த மீதி 6 பைட்டு எங்கிருந்து வந்தது?

நினைவகத்தை ஒரு நீண்ட லயமாக, ஒரே வரிசையில் கட்டிய தோட்டக் குடியிருப்பாக, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டு ஒரு காம்பிரா, அதாவது ஓர் அறை. கதவுகளில் 0, 1, 2 என்று எண். யூஇன்ட்8 ஒற்றை ஆள். எந்தக் காம்பிராவும் சரி. யூஇன்ட்16 இரண்டு காம்பிரா கேட்கும் குடும்பம். இரட்டைப்படை எண் கதவில்தான் தொடங்கும். யூஇன்ட்32 நான்கு காம்பிராக் குடும்பம். 0, 4, 8, 12 என்று நான்கால் வகுபடும் கதவில்தான் தொடங்கும். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம். தொடங்க வேண்டிய கதவு வரும்வரை நடுவில் இருப்பவற்றைக் கம்பைலர் பூட்டிப்போட்டுவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய லயங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, காம்பிராவைக் காலியாக விடும் ஒரு துரை இருக்கிறார் என்பதே முதலில் நம்பமுடியாததாக இருந்தது.

நம் ஸ்ட்ரக்டை இப்போது குடியேற்றுவோம். வேளை 0-இல். நேரத்துக்கு நான்கால் வகுபடும் கதவு வேண்டும்; ஆகவே 1, 2, 3 காலி, நேரம் 4 முதல் 7 வரை. செக்ரோல் 8, 9. எடைக்கு அடுத்த நான்கின் மடங்கு 12. ஆகவே 10, 11 காலி, எடை 12 முதல் 15. மலை 16. கழிவு இரட்டைப்படையில் தொடங்க வேண்டும். 17 காலி, கழிவு 18, 19. மொத்தம் 20. காலிக் காம்பிரா ஆறு.

மடுவத்து அட்டையில் இருந்த ஏடிமெகா328பி ஓர் 8 பிட் சில்லு. அது நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாகத்தான் எடுக்கும்; எல்லாரும் அதற்கு ஒற்றை ஆள்தான். எனவே வெற்றுப் பைட்டே கிடையாது, 14.

33 தொன் எப்படி வந்தது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இப்படிக் கையால் ஒருமுறை போட்டவருக்கு இந்தப் பாடம் மறக்காது. கோப்பில் பதிவுகள் 14 பைட்டாக அடுத்தடுத்து இருக்கின்றன. கணினி 20 பைட்டாக அள்ளுகிறது. எடை என்று நினைத்து 12 முதல் 15 வரை வாசிக்கிறது. கோப்பில் 12, 13-இல் இருப்பது கழிவு. 14-இல் இருப்பது அடுத்த ஆளின் வேளை. 15-இல் அடுத்த ஆளின் நேரத்தின் முதல் பைட்டு. கழிவு 1500 கிராம், வேளை 1, அந்த நேரப் பைட்டு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சில்லும் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. 1500, அதோடு 1 பெருக்கல் 65,536, அதோடு 2 பெருக்கல் 1,67,77,216. கூட்டினால் 3,36,21,468 கிராம். 33 தொன், 621 கிலோ.

இதில் 33 தொன் வந்தது நல்ல காலம். அந்த நேரப் பைட்டு 0 ஆக இருந்திருந்தால் 67 கிலோ என்று வந்திருக்கும். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கிற இடத்தில் அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும், அவ்வளவுதான். யாரோ கெட்டிக்காரி என்று விட்டுவிடுவார்கள். உறுப்புகளின் வரிசை வேறாக இருந்து அதே பிழை எடையைக் குறைத்துக் காட்டியிருந்தால், முழுப்பேர் அரைப்பேராகியிருக்கும். நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 மார்ச் வரை காத்திருந்த மக்களின் கணக்கு இது. நம்பும்படியான பிழை எண்ணைப் போல ஆபத்தானது எதுவுமில்லை.

கம்பைலர் ஏன் இப்படிச் செய்கிறது? 32 பிட் செயலி நினைவகத்தை நான்கு நான்கு பைட்டாக எடுக்கும்படி கட்டப்பட்டது. ஒரு யூஇன்ட்32 இரண்டாம் எண் கதவில் தொடங்கினால் பாதி ஒரு கட்டிலும் பாதி அடுத்த கட்டிலும் விழும்; இரண்டு தடவை போய் எடுத்து ஒட்ட வேண்டும். இன்டெல், ஏஎம்டி செயலிகள் முணுமுணுக்காமல் அந்த இரட்டை நடை நடக்கும். ஆர்ம் குடும்பத்தில் நிலைமை கலவை. கோர்டெக்ஸ்-எம்0 நடக்கவே நடக்காது. ஹார்ட் ஃபால்ட் ஆகி நிரல் அங்கேயே நின்றுவிடும். எம்3, எம்4 சாதாரண வாசிப்பைப் பொறுத்துக்கொள்ளும். பல எண்களை ஒரே ஆணையில் அள்ளும்போது பொறுக்காது. பழைய ஆர்ம் சில்லுகளில் இன்னும் மோசம்: ஆர்ம்வி5 வரை, பைட்டுகளைச் சுழற்றி வைத்துத் தவறான எண்ணைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும்.

ஆகவே காலிக் காம்பிரா வீண் அல்ல, வேகத்துக்கான விலை. அந்த விலையைக் குறைக்க முதல் வழி, எந்தச் சிறப்புக் கட்டளையும் இல்லாமல் வரிசையை மாற்றுவது. பெரிய குடும்பங்களை முதலில் குடியேற்றுங்கள்: நேரம், எடை, செக்ரோல், கழிவு, வேளை, மலை. 0, 4, 8, 10, 12, 13. நடுவில் ஓட்டையே இல்லை. ஆனால் அளவைக் கேட்டால் 14 அல்ல, 16 என்று வரும். கடைசி இரண்டும் வாலில் சேர்ந்த வெற்றுப் பைட்டுகள். இந்த ஸ்ட்ரக்டை அணியாக அடுக்கும்போது இரண்டாவதன் நேரமும் நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும் அல்லவா, அதற்காக. சைஸ்ஆஃப் எப்போதும் இந்த வாலையும் சேர்த்தே சொல்லும். சி மொழிக் கம்பைலர் உறுப்புகளின் வரிசையைத் தானாக மாற்றாது. நீங்கள் எழுதிய வரிசைதான் வரிசை.

20-க்கும் 16-க்கும் வேறுபாடு பெரிதா? 300 பேர், மூன்று நிறுவை, ஒரு நாளைக்கு 900 பதிவு. 18,000 பைட்டு 14,400 ஆகும். கணினியில் இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு சில்லில் கதை வேறு. ஏடிமெகா328பி-இன் ஈப்ராம் 1024 பைட்டுதான். அதில் ஓட்டை விழாது என்று பார்த்தோம்; விழுந்திருந்தால் 20 பைட்டுப் பதிவு 51தான் பிடிக்கும், 16 என்றால் 64, 14 என்றால் 73. மழையில் மின்சாரம் போய்ப் போய் வருகிற மடுவத்தில் அந்த இருபத்திரண்டு பதிவு பெரிய விஷயம்.

இனி நெருக்கி அடுக்குதல். இரண்டு வழி உண்டு. ஒன்று பிரக்மா பேக்: ஸ்ட்ரக்டுக்கு மேலே புஷ், 1 என்று கொடுத்து, முடிந்ததும் பாப் கொடுப்பது. மைக்ரோசாஃப்ட், ஜிசிசி, கிளாங் மூன்றும் இதை ஏற்கும். அடைப்பில் உள்ள எண், எந்த உறுப்பும் அதற்கு மேல் அலைன்மென்ட் கேட்கக்கூடாது என்ற உச்சவரம்பு. 1 என்றால் எல்லாரும் ஒற்றை ஆள், அளவு 14. மற்றது ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இயங்கும் அட்ரிபியூட் பேக்ட். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு அது தெரியாது.

எழுதுவது எளிது. எங்கே எழுதுவது என்பதில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள். அலைன்மென்ட் பற்றி முதன்முதலில் தெரிந்துகொண்டவர் கண்ணில் படும் எல்லா ஸ்ட்ரக்டுக்கும் பேக் போடத் தொடங்குவார். நானும் போட்டேன்.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். கொழுந்தைச் சாக்கில் காலால் மிதித்துத் திணித்தால் நிறையக் கொள்ளும், லொறியில் இடம் மிச்சமாகும். ஆனால் நசுங்கி, உள்ளே சூடேறி, இலை சிவக்கத் தொடங்கிவிடும். ஸ்டோருக்கு வந்ததும் முதல் வேலையே சாக்கை அவிழ்த்து, வாட்டும் தொட்டியில் பரத்தி, காற்று ஓடவிடுவது. சாக்கு வழிக்கு மட்டும். வேலை நடக்கும் இடத்தில் இலை விரிந்துதான் இருக்க வேண்டும். ஸ்ட்ரக்டும் அப்படியே: கோப்புக்குள் போகும்போதும் வயரில் போகும்போதும் நெருக்குங்கள், நிரலுக்குள் வந்ததும் பரத்திவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் சாக்கையும் தொட்டியையும் மறக்க வேண்டாம்.

நெருக்க வேண்டிய இடத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிஎம்பி படக் கோப்பின் தலைப்பு. 2, 4, 2, 2, 4 என்று ஐந்து உறுப்பு, சரியாக 14 பைட்டு. வழக்கமான முறையில் ஸ்ட்ரக்ட் எழுதினால் முதல் உறுப்புக்குப் பின் இரண்டு பைட்டு ஓட்டை விழுந்து 16 ஆகும். கோப்பின் அளவு என்று வேறெதையோ வாசிப்பீர்கள். அந்தக் கோப்பின் அமைப்பை நாம் மாற்ற முடியாது. அங்கே பேக் நியாயம்.

பேக் போட்ட பிறகு வரும் இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பாயின்டர். நெருக்கிய ஸ்ட்ரக்டின் எடையைப் பெயர் சொல்லி எடுக்கும்போது கம்பைலருக்கு அது கோணலாக இருப்பது தெரியும். தேவையென்றால் ஒவ்வொரு பைட்டாக எடுத்து ஒட்டும். எடையின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டால் அந்த அறிவு அங்கே போய்ச் சேராது. அந்த ஃபங்ஷன், சாதாரண யூஇன்ட்32 என்று நம்பி நேராக வாசிக்கும். உங்கள் மேசைக் கணினியில் ஒன்றும் ஆகாது. அதே நிரலைக் கோர்டெக்ஸ்-எம்0 அட்டையில் ஏற்றியதும் நின்றுவிடும். ஜிசிசி 9 முதல் இதற்கு எச்சரிக்கை தானாகவே வருகிறது. எச்சரிக்கையை அடக்கும் வழியைத் தேடாமல், மதிப்பை ஒரு சாதாரண மாறியில் பிரதி எடுத்து அதன் முகவரியைக் கொடுங்கள்.

இரண்டாவது, மறந்துபோன பாப். ஹெடர் கோப்பில் புஷ் போட்டுவிட்டுப் பாப் போடாவிட்டால், அதற்குக் கீழே இணைக்கப்படும் எல்லா ஹெடர்களிலும் உள்ள ஸ்ட்ரக்டுகளும் நெருங்கிவிடும். ஒரு சி கோப்பு ஒரு ஸ்ட்ரக்டை 20 என்று நினைக்க, இன்னொரு கோப்பு அதையே 14 என்று நினைக்கும். ஜிசிசி பேசாது, லிங்கரும் பேசாது. இதைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு, நான் இப்போது செய்வது என்ன என்று கேட்பீர்கள். பேக் போடுவதே இல்லை. 14 பைட்டு கொண்ட ஓர் அணியை எடுத்து, ஒவ்வொரு உறுப்பையும் பைட்டு பைட்டாக நானே இடுகிறேன்: எடையின் கீழ் 8 பிட் ஏழாவதில், அதை 8 பிட் வலப்பக்கம் நகர்த்தி எட்டாவதில், 16 நகர்த்தி ஒன்பதாவதில், 24 நகர்த்திப் பத்தாவதில். வாசிக்கும்போது அதையே தலைகீழாக. இருபது வரி கூடுதல். பதிலுக்கு எந்தச் சில்லிலும், எந்தக் கம்பைலரிலும் ஒரே கோப்பு. பெரிய பைட்டை முதலில் வைக்கும் செயலியாக இருந்தாலும் சரி. பேக் அந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. அளவு குறிப்பிட்ட வகைகளையே பயன்படுத்துங்கள். லாங் என்று எழுதினால் 64 பிட் லினக்சில் 8 பைட்டு, 64 பிட் விண்டோசில் 4. ஒரு பைட்டுக்குள் பிட் பிட்டாகப் பிரிக்கும் பிட்ஃபீல்டைக் கோப்புக்கோ வயருக்கோ பயன்படுத்த வேண்டாம். பிட்டுகளின் வரிசை கம்பைலரின் விருப்பம்.

பேக் போட்டே ஆக வேண்டும் என்றால் காவல் வையுங்கள். சி11 முதல் ஸ்டாடிக் அசெர்ட் உண்டு. நிறுவையின் சைஸ்ஆஃப் 14-க்குச் சமம், எடையின் ஆஃப்செட்ஆஃப் 7-க்குச் சமம் என்று இரண்டு வரி எழுதிவிட்டால், கணக்குத் தப்பிய கணமே கம்பைலர் மறுத்துவிடும். மடுவம் வரை பிழை போகாது. ஓட்டைகள் எங்கே என்று பார்க்க ஜிசிசியின் டபிள்யூபேடட் எச்சரிக்கையை இயக்கலாம். லினக்சில் பாஹோல் என்ற கருவி ஒவ்வொரு ஓட்டையையும் அளவோடு வரைந்து காட்டும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் விடமாட்டீர்கள்.

வெற்றுப் பைட்டுகளுக்குள் என்ன இருக்கும்? எதுவும் இருக்கலாம், பழைய குப்பை. ஆகவே இரண்டு ஸ்ட்ரக்டை மெம்கம்ப் கொண்டு ஒப்பிடாதீர்கள். எல்லா உறுப்பும் சமமாக இருந்தும் சமமில்லை என்று சொல்லும். சிஆர்சி கணக்கிடுவதும் அப்படித்தான். ஓட்டையோடு ஸ்ட்ரக்டை வெளியே அனுப்பினால் அந்தக் குப்பையும் சேர்ந்து போகும், அதில் யாருடைய கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது.

எதிர்த்திசையிலும் போகலாம்: அலைன்மென்டைக் கூட்டுவது. சி11-இல் அலைன்ஆஸ், ஜிசிசியில் அட்ரிபியூட் அலைன்ட். டிஎம்ஏ இடையகம், 16 அல்லது 32 பைட்டை ஒரே மூச்சில் கையாளும் வெக்டர் ஆணைகள், வெவ்வேறு கோர்கள் எழுதும் மாறிகளை 64 பைட்டு கேஷ் வரிசைகளில் தனித்தனியே வைப்பது ஆகியவற்றுக்கு இது வேண்டும். தோட்டத்துக் கருவிகளில் டிஎம்ஏ தவிர மற்றவை அரிது, இதோடு விடுகிறேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பதிவில் ஆளின் பெயரையும் சேர்க்கலாமே என்று கிளாக்கர் கேட்பார். சேர்க்க வேண்டாம், செக்ரோல் எண் போதும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. முத்தம்மா என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் சேர்ந்து ஒன்பது குறியீடு, 27 பைட்டு. முடிவுச் சுழியத்தோடு 28. இருபத்துநான்கு பைட்டு ஒதுக்கியிருந்தால் முத்தம் என்று கிளாக்கர் படிப்பார், சத்தமாக.

பயிற்சி. மேலே கொடுத்த ஸ்ட்ரக்டை உங்கள் கணினியில் எழுதி அதன் சைஸ்ஆஃப் மதிப்பை அச்சிடுங்கள். பிறகு வரிசையை மாற்றி ஒருமுறை, பழைய வரிசையிலேயே பேக் 1 கொடுத்து ஒருமுறை, பேக் 2 கொடுத்து ஒருமுறை. வர வேண்டியவை 20, 16, 14, 16. கடைசி 16 ஏன் என்று காகிதத்தில் காம்பிரா வரைந்து கண்டுபிடியுங்கள். பேக் எதுவும் கொடுக்காத முதல் சோதனையிலேயே 14 வந்தால், நீங்கள் இணைத்த ஏதோ ஒரு ஹெடரில் பாப் விடுபட்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.